போர்வைக்குள் போன ஊசிமுனை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கே நீங்களும் அண்ணனும், நான் இன்னும் கையில் வாங்கிப் பார்க்காத என் மருமகனும் நலமாக இருப்பீர்கள். இந்தப் பார்சல் வந்து சேர்ந்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. அண்ணி, இந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அடியில் இருப்பதைத் தொட வேண்டாம். அண்ணனையும் தொட விடாதீர்கள். அவனுக்குப் பொறுமை என்பதே கிடையாது, சின்ன வயதில் பரிசுப் பொட்டலங்களைப் பல்லால் பிரித்தவன்.

அடியில் இருப்பது குழந்தைக்காக நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும், இங்கே குழந்தை பிறந்தால் முதலில் போர்வை, அப்புறம்தான் பெயர். அந்தப் பழக்கத்தில், பூத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் தடிமனாகப் பஞ்சு வைத்து, ஒரு மூலையில் யானைக்குட்டியையும் ஒட்டி, அழகாகத் தைத்து முடித்துவிட்டேன். முடித்த அன்றைக்குப் பார்த்து அண்ணன் போன் செய்து, "இங்க அடிக்கிற வெயில்ல குழாயைத் திறந்தாலே போதும், டீத்தூள் மட்டும் போட்டா டீ ரெடி" என்று சிரித்தான். அவன் சிரித்தான், எனக்கு நான் வைத்த பஞ்சு ஞாபகம் வந்தது. உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். பச்சைக் குழந்தைக்குச் சூடு அதிகமானால் அதற்குச் சொல்லவும் தெரியாது, போர்த்தியதை உதறவும் தெரியாது, போர்வை மூக்கில் ஏறிவிட்டால் அதைவிட ஆபத்து என்று போட்டிருந்தது. நான் படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான் உதவுகிறது அண்ணி, என் பயத்துக்கு ஆதாரம் திரட்ட. கையாலேயே தைத்து, கையாலேயே பார்சல் கட்டி, சொந்த மருமகனை ஆவியில் வேகவைக்கப் பார்த்தேனே பாவி என்று அன்றைக்கே தையல் முழுவதையும் பிரித்தேன். பஞ்சு வீடு முழுக்கப் பறந்தது. என் குட்டி மகள் அதை வாயில் போட்டுவிடுவாளோ என்று அவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் பெருக்கினேன். பிறகு பஞ்சுக்குப் பதிலாகத் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துணி ஒன்றை ஒரே மடிப்பாக உள்ளே வைத்துத் திரும்பத் தைக்க உட்கார்ந்தேன். இவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் போர்வை இல்லம்மா, கைக்குட்டை" என்றார். "பெரிய கைக்குட்டைன்னே வெச்சுக்குங்க, உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

வாய் வைத்தார் பாருங்கள், அடுத்த நிமிஷம் யானையின் காதில் துணி நாலு மடிப்பாகச் சேர்ந்த இடத்தில் 'டக்'கென்று ஊசி முறிந்தது. மேல் பாதி தையல் மிஷினிலேயே நின்றது. முனையுள்ள கீழ்ப் பாதியைக் காணோம். தரையைத் துடைத்துப் பார்த்தேன், மேஜையைக் கவிழ்த்துப் பார்த்தேன், பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துப் போர்வை முழுக்கத் தேய்த்தேன். அதில் ஒன்றும் ஒட்டவில்லை. கட்டிலுக்கடியில் தேய்த்தபோது மட்டும் போன வருஷம் தொலைந்த கொண்டை ஊசி கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு போர்வையில் கன்னத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவினேன். சுருக்கென்றது. கிடைச்சாச்சு என்று கத்தினேன், என் காதுத் தோடு. கடைசியில் இவரைப் பனியனோடு அதன் மேல் உருளச் சொன்னேன். உருண்டார், பாவம். "எங்கேயாவது வலிக்குதா?" என்றேன். "மானம்தான் வலிக்குது" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் நானா? பெரிய வணிக வளாகத்தின் வாசலில், உலோகத்தைக் கண்டால் சத்தம் போடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புகிற காவலாளி இருப்பாரே, அவரிடம் போர்வையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னம்மா இது?"

"குழந்தைப் போர்வைங்க. இதுக்குள்ள ஏதாவது இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். "ஏதாவதுன்னா?"

"சின்னதா, கூர்மையா இருக்கும். பயப்படாதீங்க, வெடிக்காது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கலைந்தார்கள், அவருடைய மேலதிகாரி ஓடி வந்தார், நான் நடுவில் யானைக்குட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் ஆனதிலிருந்து நடந்த கதையெல்லாம் சொன்னேன். மனம் இரங்கி அவர் கருவியை வைத்துத் தடவினார். யானைக்கிட்டே வந்ததும் கீய்ய் என்று அலறியது. எனக்கு உயிர் போய் வந்தது. பார்த்தால், துணியைப் பிடித்திருந்த கையில் என் வளையல். வளையலைக் கழற்றிவிட்டுத் தடவியபோது சத்தமே இல்லை. சந்தோஷமாகத் திரும்பியிருக்க வேண்டியவள், சந்தேகத்துக்குக் கொண்டுபோயிருந்த இன்னொரு ஊசியை எடுத்து நீட்டி, "இதுக்குச் சத்தம் போடுதான்னு பாருங்களேன்" என்றேன். போடவில்லை. "ஊசிக்கெல்லாம் கத்தாதும்மா. கத்தியா இருந்தா கத்தும். நகருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம்ம குட்டியை இதுல படுக்க வெப்பியா?"

நான் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் எந்த தைரியத்துல அங்க அனுப்பறே?"

"அனுப்பலேன்னா அண்ணி என்ன நினைப்பாங்க? வளைகாப்பு முடிஞ்ச நாள்லேருந்து வருது வருதுன்னு சொல்லிட்டிருக்கேன். நாத்தனார் வாயாலேயே பந்தல் போட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஊசி குத்தினா என்ன நினைப்பாங்க?"

போர்வையை மறுபடி துவைத்தேன், உதறினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், அழுத்தி இஸ்திரி போட்டேன். ஒன்றுமில்லை. அதனால்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்புகிறேன். ஆனால் அண்ணி, குழந்தைக்கு மேலே போர்த்த வேண்டாம், விழித்திருக்கும்போது அடியில் விரித்தால் போதும். அதற்கும் முன்னால் அண்ணனை ஒரு தடவை இதன் மேல் உருளச் சொல்லுங்கள். அவனுக்குக் குத்தினால் பரவாயில்லை, அவன் எனக்கு எத்தனை தடவை ஜடையை இழுத்திருக்கிறான்.

என் மருமகனுக்கு உச்சி முதல் பாதம் வரை முத்தங்கள். அவன் ஊசி நுழையாத உடம்போடு நீண்ட நாள் வாழட்டும் (தடுப்பூசி தவிர, அதைத் தள்ளிப்போடாதீர்கள்). நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
முனை போன இடம் தெரியாமல் தூக்கம் போன
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: அண்ணி, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். முனை கிடைத்துவிட்டது! நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சத்தமில்லாமல் மிஷினைத் தரையில் இறக்கி, ஊசிக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் குழிக்குள் சமர்த்தாகக் கிடந்தது. போர்வைக்குள் அது போகவே இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தோம், பொருந்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கி வந்து போர்வை நடுவில் படுக்க வைத்தேன். அவள் யானையின் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப அனுப்பலாமில்ல?" என்று இவரைக் கேட்டேன். இவர் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்னன்னு சொல்லுங்க."

"மிஷினை இறக்கறப்ப தரையில கீறல் விழக்கூடாதுன்னு அடியில அந்தப் போர்வையைத்தான் விரிச்சேன். தகட்டோட திருகாணி ஒண்ணைக் காணோம்."

குட்டியை எப்படி வாரி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே பார்சல் வராது, இந்தக் கடிதம் மட்டும்தான் வருகிறது. அங்கே குழந்தையை வெறும் ஒற்றைத் துணியில்தான் போட்டிருக்கிறீர்கள், அதுவே அவனுக்குச் சுகமாக இருக்கிறது என்று அண்ணன் போனில் சொன்னான். அப்படியே இருக்கட்டும். அந்தத் துணியை மட்டும், எனக்காக, ஒரு தடவை உதறிவிட்டுப் போடுங்கள்.