‘கொடு இங்கே’ சாரும் ஒரு பித்தளை வளையமும்

“இழுக்காதீங்கடா! வளையம் வரல, விரல்தான் கழண்டு வருது!” என்று அலறினார் சார்.

கல்லூரிப் பட்டறையின் நடுவில், கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் அவர். வலது கை ஆள்காட்டி விரலில், மாணவர்கள் அன்று காலை கடைந்து வைத்திருந்த பித்தளை வளையம் சொந்த வீடு மாதிரி குடியேறியிருந்தது. யார் எதைக் கடைந்தாலும் முதல் வேலையாக அதற்குள் விரலை விட்டு, “பொருத்தம்னா இப்படியா இருக்கும்?” என்று கேட்பது அவர் வழக்கம். இன்று கேட்டு முடித்தார். விரல் திரும்பி வரவில்லை.

ஆய்வு அதிகாரி வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

அந்த அம்மையார் போன முறை வந்துவிட்டுப் போகும்போது, ‘இங்கே செய்முறைப் பயிற்சி சிறப்பாக நடக்கிறது. ஆனால் செய்பவர் ஆசிரியர் மட்டுமே’ என்று எழுதிவிட்டுப் போனார். பொய்யில்லை. ஒரு மாணவன் அரத்தைக் கோணலாகப் பிடித்தால் போதும், சாருக்குக் கை நமநமவென்று அரிக்கும். “கொடு இங்கே!” என்று பிடுங்கித் தானே ராவி, தானே அளந்து, தானே மெச்சிக்கொள்வார். ‘கொடு இங்கே’ சார் என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

இந்த முறையும் அப்படி எழுதினால் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகும், அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர் வரும் என்று முதல்வர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். “இன்னிக்கு நீங்க எதையும் தொடக் கூடாது. பசங்கதான் செய்யணும், பசங்கதான் யோசிக்கணும். புரியுதா?” என்று நேற்று மாணவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார். அந்தப் பட்டறையில் சாரின் கைபடாத திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. அதை இழந்துவிட்டால் நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

“கிரீஸ் தடவலாம் சார்” என்றான் நெட்டையன்.

“கொடு இங்கே!” இடது கையால் டப்பாவைப் பிடுங்கி அப்பினார் சார். வளையம் வழுக்கிக்கொண்டு கீழ்நோக்கிப் போய், விரலின் அடியில் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது.

“சார், நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, வளையம் இறுகிட்டா சூடு பண்ணணும்னு? உலோகம் விரியும்ல?”

“உள்ளே இருக்கறது என் விரல்டா, தண்டவாளம் இல்ல!”

“அப்போ விரலைக் குளிர வைக்கலாம், சுருங்கும்” என்றாள் கண்ணாடிக்காரி. பாடப்படி அதுவும் சரிதான். குளிர்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டியை அள்ளி வந்து வாளியில் போட்டு, அதற்குள் சாரின் கையை முக்கினார்கள். விரல் மரத்துப்போனதே தவிர சுருங்கவில்லை. மாறாக, ஏற்கெனவே இழுத்த இழுப்பில் வீங்கி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“அறுத்துடலாம்” என்றது ஜன்னலோரம் ஒரு குரல்.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசியவன் தூங்குமூஞ்சி. வருஷம் முழுக்க வகுப்பில் கொட்டாவிக்கு மட்டும் வாயைத் திறந்தவன்.

“எதைடா?”

“வளையத்தை சார். ஆடாம இருக்கணும்னா வைஸ்ல பிடிக்கணும்.”

மேசையோடு சேர்த்து முடுக்கியிருந்த வைஸ் என்ற இடுக்கிக் கருவியின் இரும்புத் தாடைகளுக்கிடையில் வளையத்தை வைத்தார்கள். நெட்டையன் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினான். சாருக்குப் பொறுக்கவில்லை. “இப்படியா முடுக்குவாங்க? கொடு இங்கே!” என்று இடது கையால் ஒரே முடுக்காக முடுக்கினார். வளையம் நல்ல தடிமன் என்பதால் நசுங்கவில்லை. ஆனால் வைஸ் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கமும் சுற்றவில்லை, அந்தப் பக்கமும் சுற்றவில்லை.

விரல் வளையத்தில், வளையம் வைஸில், வைஸ் மேசையில், மேசை தரையில். சார் இப்போது பட்டறையின் நிரந்தரத் தளவாடங்களில் ஒன்று.

கதவு திறந்தது. முன்னால் அதிகாரி, பின்னால் முதல்வர். முதல்வரின் பார்வை வாளி, கிரீஸ், வைஸ், சார் என்று வரிசையாகப் போய் முடிந்த இடத்தில் அவர் முகம் வெளிறியது.

“என்ன நடக்குது இங்கே?” என்றார் அதிகாரி.

“அது வந்து மேடம்...” என்று சார் இழுப்பதற்குள் கண்ணாடிக்காரி முன்னால் வந்தாள்.

“பொருத்தத்துல ஒரு பிரச்சினை மேடம். தீர்வு தேடிக்கிட்டிருக்கோம்.”

அதிகாரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் பட்டறை தேன்கூடு போல ஆனது. விரலுக்கும் வளையத்துக்கும் நடுவில் செருக மெல்லிய தகரத்தை வளைத்து வந்தான் ஒருவன். கண்ணாடிக்காரி வளையத்தின் கனத்தை அளந்து, எவ்வளவு ஆழம் அறுக்கலாம் என்று ரம்பத்தின் பக்கவாட்டில் கோடு போட்டாள். ஒரு வெட்டு போதாது, எதிரெதிராக இரண்டு வேண்டும் என்று நெட்டையன் வாதாடி ஜெயித்தான். ரம்பம் சூடேறாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஏற்பாடானது.

“ரம்பத்தை அப்படிப் பிடிக்காதே! கொடு இங்...” என்று சார் இடது கையை நீட்டினார். நீட்டிய கையில் தூங்குமூஞ்சி விளிம்புவரை நிரம்பிய தண்ணீர்க் குவளையை வைத்தான்.

“சிந்தாம பிடிச்சுக்குங்க சார்.”

சாருக்கு இரண்டு கையும் போயிற்று. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. முன்னால் தள்ளும்போது அழுத்தம், பின்னால் இழுக்கும்போது இல்லை. அவர் சொன்ன அதே பாடம்! பாவிகள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கண்ணைத் துடைக்கத்தான் கை இல்லை.

முதல் வெட்டு முடிந்ததும் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி வைஸை விடுவித்தார்கள். வளையத்தைத் திருப்பி வைத்து இரண்டாவது வெட்டு. பித்தளை இரண்டு துண்டாகி, ‘டங்’ என்று தரையில் விழுந்தது. விரலில் ஒரு கீறல்கூட இல்லை. முதல்வரே தன்னை மறந்து கைதட்டினார்.

அதிகாரி எழுந்து வந்தார். “போன தடவை இங்கே நீங்க ஒருத்தர்தான் வேலை செஞ்சீங்க. இந்தத் தடவை துரும்பைக்கூட அசைக்கல. எனக்கு ரொம்பத் திருப்தி சார். பட்டறை இருக்கட்டும்.”

இருவரும் வெளியேறியதும் மாணவர்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. சார் வீங்கிய விரலை ஊதிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்குத் திட்டக்கூட வரவில்லை. ஆனாலும் திட்டினார்.

“அதெல்லாம் சரி. வருஷம் பூரா சொல்லியும் உங்களுக்குச் சரியான அளவுல ஒரு வளையம் கடையத் தெரியல. ஒண்ணு தொளதொளங்கும், இல்லேன்னா விரல் நுழையாது. அதென்ன இப்படி ஒரு ரெண்டுங்கெட்டான் வளையம்? எந்த மகாராசன் கடைஞ்சான்?”

தூங்குமூஞ்சிதான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மெல்லக் கையைத் தூக்கினான்.

“உள்ளே போகணும், ஆனா வெளியே வரக் கூடாது. உங்க விரலுக்கு அந்த அளவு சரியா அமையறதுக்குள்ள மூணு வளையம் வீணாப்போச்சு சார்.”