பச்சை என்றால் உண்மை

“அதைக் கிழியடி!” என்றாள் பாலேஸ்வரி.

“ஏலாது. அது கதை.”

ஐந்து வயது மிதுஷா, சுவரில் தொங்கிய குடும்பப் படத்தின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். கட்டிலில் ஒன்று, சாப்பாட்டு மேசையில் ஒன்று, அம்மா பாலேஸ்வரியின் நைட்டியில்கூட ஒன்று.

வெள்ளவத்தையில் இருந்த அந்த ஃப்ளாட் பாலேஸ்வரியின் அண்ணன் தியாகராசாவுடையது. அவர் கனடா போய் ஒரு வருடம். பாலேஸ்வரி குடும்பம் இருப்பது ஹெந்தளையில். ஆனால் கிட்ட இருக்கிற பிள்ளைக்குத்தான் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில் இடம். அதனால் முதலாம் வகுப்பு விண்ணப்பத்தில் ‘ஐந்து வருடமாக இங்கேதான் வசிக்கிறோம்’ என்று எழுதியாயிற்று. வீடு பார்க்கப் பள்ளிக்கூடத்தில் இருந்து இந்தக் கிழமைக்குள் ஆள் வருமாம். மூன்று நாளாகச் சட்டி பானையோடு வந்து குந்தியிருக்கிறார்கள்.

போன் போட்ட ஒரு மணித்தியாலத்தில் ஹெந்தளையில் இருந்து மிதுஷாவின் முன்பள்ளி நேசமலர் ரீச்சர் வந்துவிட்டார்.

“ரீச்சர், இவளுக்கு என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?”

“டைனோசர்.”

“டைனோசர் ஏன் என்ர வீட்டுக்குள்ள வந்தது?”

“ரெண்டு புத்தகம் காட்டினனான். ஒண்டில டைனோசர் கொண்டையில பூ வைச்சு பஸ்ஸில போகுது. அது கதை, மஞ்சள். மற்றதில நிலத்தைத் தோண்டி எடுத்த எலும்பு. அது உண்மை, பச்சை. எதைக் கண்டாலும் ‘எலும்பு இருக்கோ’ எண்டு கேட்டுப் பாருங்கோ எண்டனான். பிள்ளை நல்லா விளங்கிக்கொண்டிருக்கு. எனக்குச் சந்தோஷம்.”

“சந்தோஷமோ! ஹெந்தளையில இருந்து அம்மிக்கல்லு முதல் காவிக்கொண்டு வந்து நான் உண்மையாக்க, உங்கட எலும்பு வந்து கெடுக்குது! இப்பவே திருத்துங்கோ.”

ரீச்சர் பெருமூச்சு விட்டு மிதுஷாவிடம் குனிந்தார். “கதை எண்டால் பொய்யில்லை, பிள்ளை. எல்லாரும் சேர்ந்து அப்படி நினைச்சுக்கொள்ளுறது.”

“அப்ப ஆரும் கேட்டால் இங்கதான் இருக்கிறம் எண்டு சொல்லவேணும், விளங்கிச்சோ?” என்றாள் பாலேஸ்வரி.

“ஓம். முதல்ல ‘இது கதை’ எண்டு சொல்லிப்போட்டுச் சொல்லுறன். வகுப்பில அப்படித்தான்.”

பாலேஸ்வரிக்குக் கொதி ஏறியது. மஞ்சள் ஸ்டிக்கர்களைப் பிய்த்தெறிந்து எல்லாவற்றிலும் பச்சையை ஒட்டினாள்.

மிதுஷா வீடு அதிரக் கத்தினாள். “பச்சைக்கு எலும்பு வேணும்!”

பாலேஸ்வரி ஃபிரிட்ஜைத் திறந்து, கறிச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு எலும்பை எடுத்து நீட்டினாள். “இந்தா எலும்பு!”

மிதுஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது ஹெந்தளையில சமைச்ச கோழி.”

அந்த நேரம் பெல் அடித்தது. வாசலில் பதிவுப் புத்தகமும் கையுமாக ஒரு பெண்மணி.

“வீட்டைப் பார்க்கலாமா?”

“வாங்கோ, வாங்கோ! உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறம்!”

வந்தவர் கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் உள்ளே வந்தார். “எத்தனை பேர் இருக்கிறீங்கள்?”

“மூண்டு பேர். அஞ்சு வருசம். ஒரு நாள்கூடப் பூட்டிப்போட்டுப் போனதில்லை.”

பெண்மணி குளியலறையைப் பார்த்தார். பிறகு நேரே பல்கனிக்குப் போய்ப் பூச்சட்டிகளைக் குனிந்து பார்த்து எழுதத் தொடங்கினார்.

“அந்தச் சட்டியெல்லாம் என்ர கையால வைச்சது,” என்றாள் பாலேஸ்வரி. “அஞ்சு வருசமா நான்தான் தண்ணி ஊத்துறன்.”

“வேற ஒருத்தரும் இல்லையா?”

“என்ர வீட்டில வேற ஆர் ஊத்துறது?”

ரீச்சர் அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “பாலேஸ்வரி, அதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா...”

“நீங்கள் கதைக்கவேண்டாம், ரீச்சர்! செய்தது காணும்!”

பெண்மணி சிரித்துக்கொண்டே மிதுஷாவின் கன்னத்தைத் தட்டினார். “பிள்ளை, இது உங்கட வீடோ?”

“கதையாச் சொல்லட்டோ, உண்மையாச் சொல்லட்டோ?”

“உண்மையாத்தான்.”

“மாமான்ர வீடு. நாங்கள் ஹெந்தளை. அம்மான்ர நைட்டியும் ஹெந்தளை.”

பெண்மணியின் பேனை நின்றது. “அப்ப இந்த வீட்டுக்காரர் வேற ஆளா?”

“அஞ்சு வயசுப் பிள்ளையின்ர சொல்லைக் கேட்டோ எழுதுவீங்கள்?” பாலேஸ்வரியின் குரல் காலி வீதி வரைக்கும் போயிருக்கும். “டைனோசரைப் படிப்பிச்சு இவளைக் குழப்பிப்போட்டினம்! நான் தாய் சொல்லுறன், இங்க குடியிருக்கிறது நான்! பூச்சட்டி என்ர! எங்க கையெழுத்து? தாங்கோ பேனையை!”

பறித்த பேனையால் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, அழுத்திக் கையெழுத்திட்டாள். “இனி என்ர பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில இடம் இல்லையெண்டு ஆர் சொல்லுறது, பார்ப்பம்!”

பெண்மணி பிரதியைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

“பள்ளிக்கூடமோ? நான் டெங்கு நுளம்பு பார்க்க வந்தனான், அம்மா. சட்டியெல்லாம் புழு, வழக்கு இங்க குடியிருக்கிற ஆளின்ர பேரிலதான்.”