மூன்று கட்டையும் ஒரு கிடாரும்

பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாழ்நாளில் ஒரு காரியமாவது செய்து முடித்துவிடுவது என்று வீரராகவன் அந்தப் புதன்கிழமை தீர்மானம் செய்தார். காரியம் சின்னதல்ல. சனிக்கிழமை சாயங்காலம் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். பாண்டில் கிடார் வாசித்தவரை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாண்டை நடத்திய ஸ்தனிஸ்லாஸுக்கு ஒர்க்ஷாப் ஆபீசில் வீரராகவனுக்கு அடுத்த மேஜை. டிபன் வேளையில் அவரிடம் கிடார் கற்றுக்கொண்ட ஸ்ரீரங்கத்து அய்யங்கார் இவர் ஒருவர்தான்.

"நடுவுல பதினாறு தாளம் உங்க சொந்தக் கற்பனை, சார். சரியா வந்தா இனிமே பாண்டுல நீங்கதான். இல்லாட்டி வேற ஆளைப் பாக்கணுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கற்பனைக்கு அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று. பின்னால் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும். அதற்குக் கார்டு என்று பெயர். கார்டு மாறும்போது புதுக் கார்டின் மூன்று ஸ்வரங்களில் ஏதாவது ஒன்றில் போய் இறங்கிவிட வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம்.

வீரராகவனுக்குச் சுற்றத் தெரிந்தது. இறங்கத் தெரியவில்லை. பழக வேண்டுமானால் பக்கத்தில் யாராவது கார்டு போட வேண்டும். வீட்டில் வேதவதி இருந்தாள், அவளிடம் ஆர்மோனியமும் இருந்தது. ஆனால் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிற இடத்தில் வாசிக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்வதைவிடக் கொள்ளிடத்தில் குதிப்பது சுலபம். ஆகவே ஒரு பொய் தயாராயிற்று.

"வேதா, ஒர்க்ஷாப் ஆயுத பூஜைக்கு என்னைக் கிடார் வாசிக்கச் சொல்லியிருக்கா. கூட ஆர்மோனியம் போடறியா?"

"போட்டாப் போறது. என்ன பாட்டு?"

"பாட்டெல்லாம் இல்லை. ச, க, ப மூணு கட்டையையும் சேர்த்து அமுக்கு. தலையாட்டினா ம, த, ச. அப்புறம் ப, நி, ரி."

"சங்கராபரணத்தைக் கூறு போட்டு விக்கறாப்பல இருக்கு" என்றாள். ஆனாலும் அமுக்கினாள்.

இவர் வாசித்தார். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"ஏன்னா, நான் ச, க, ப-வுக்கு வந்தாச்சு. நீங்க இன்னும் ம-விலேயே நிக்கறேள்."

"விரல் அங்கே போயிடுத்து."

"போனா என்ன? க பக்கத்துலதானே இருக்கு. எட்டிக் குதிக்காதேங்கோ. கிட்ட இருக்கற வீட்டுல இறங்குங்கோ."

பாடிக் காட்டினாள். ம கொஞ்சம் தயங்கி, க-வில் வந்து உட்கார்ந்தது. வீரராகவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று வருத்தமாகவும் இருந்தது. ஆனால் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் பாட, இவர் பின்னாலேயே போனார். நடுவில் தந்தி ஒன்று அறுந்தது. வெள்ளிக்கிழமை அவர் கோயிலிலிருந்து திரும்பியபோது புதுத் தந்தி கூடத்தில் இருந்தது. யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை, "பூஜைக்கு ஒத்திகை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டான்ஸில் அவருடைய பதினாறு தாளம் வந்தது. வேதவதியின் குரலை மனசுக்குள் கேட்டுக்கொண்டே வாசித்தார். கார்டு மாறிய இடத்திலெல்லாம் விரல் தானாக வீட்டில் இறங்கியது. ஆடியவர்கள் நின்று கை தட்டினார்கள். ஸ்தனிஸ்லாஸ் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை காபியை வைத்துவிட்டு வேதவதி கேட்டாள்.

"ஒத்திகை நன்னா நடந்ததா?"

"அமோகம்."

"ஆடினவா யாரும் கால் தடுக்கி விழலையே?"

காபி புரையேறியது.

"வெள்ளிக்கிழமை தந்தி கொண்டுவந்தாரே ஸ்தனிஸ்லாஸ், நல்ல மனுஷர். டான்ஸைப் பத்தி எல்லாம் சொன்னார். தாராளமா வாசிக்கட்டும்னேன். பதிலுக்கு ஒண்ணுதான் கேட்டேன். நாளைக்கு நவராத்திரி ஆரம்பம். ஒன்பது நாளும் கிடாரும் நீங்களும் நம்மாத்துக் கொலுவுக்கு. அவரும் சரின்னுட்டார்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"நீங்க என்னைக் கேட்டேளா?"

திங்கட்கிழமை சாயங்காலம் வீதிப் பெண்கள் எல்லாரும் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். கொலுவுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆண்பிள்ளையாக வீரராகவன். சரி, நம் கற்பனையைக் காட்டிவிடலாம் என்று விரலை மேலே நகர்த்தினார். பாட உட்கார்ந்த வேதவதி அவர் காதருகே குனிந்தாள்.

"நீங்க அந்த மூணு ஸ்வரத்துலேயே இருங்கோ. நடுவுல சுத்தறதை நான் பாத்துக்கறேன்."