'ஆம்' அழுத்தியதற்கு மாமாவின் விளக்கம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கம்ப்யூட்டரும் சுகம். அங்கே நீயும், என் பையனும், பெரியவளும், பல் முளைத்துக்கொண்டிருக்கும் சின்னவனும், அவன் பிறந்தபோது உதவிக்கு வந்து அவனுக்குப் பல் முளைக்கும்வரை அங்கேயே தங்கிவிட்ட உன் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்ட வேண்டாம். இது முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

போனில் நீ கேட்டாய், "பழைய பதிப்புக்கு இறக்கப்படும்னு அவ்வளவு தெளிவா போட்டிருந்துச்சே மாமா, அப்புறம் ஏன் 'ஆம்' அழுத்துனீங்க?" என்று. நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். ஆனால் மருந்துக் கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராகவே தலை நரைத்தவன் காதில் அது மெமோ மாதிரி விழுந்தது. மெமோவுக்கு வாயால் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதுவும் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ, "அதெல்லாம் இருக்கட்டும் மாமா, ஸ்க்ரீன்ல என்ன வருது, அதை மட்டும் படிங்க" என்கிறாய். ஸ்க்ரீனுக்குச் சொல்ல இருப்பதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறாய். எனக்குச் சொல்ல இருப்பது அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே எழுத்துமூலமாக விளக்கம் தருகிறேன். மின்னஞ்சல் செயலிக்கு இதுவரை எந்தச் சேதமும் இல்லை.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது, மூச்சிரைத்துக்கொண்டிருந்த என் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். எழுத்தெல்லாம் தமிழிலேயே வரும்படி செய்தாய். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். வீடியோவில் பேசும் செயலி மட்டும்தான் என் கேமராவையும் அதிலிருக்கும் மைக்கையும் கண்டுகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. லினக்ஸ்காரர்கள் செயலிகளை அடுக்கி வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இருந்தது பழைய பதிப்பு. நீ வேறு ஒரு களஞ்சியத்தில் தேடி, புதுப் பதிப்பை எடுத்துப் போட்டாய். கேமரா கண் திறந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாராவாரம் அப்டேட் பண்ணிடுங்க மாமா. தொடரவான்னு கேக்கும். ஆம்னு அழுத்துங்க, அவ்வளவுதான்" என்றாய். சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. என் தரப்பின் முதல் சாட்சியம் இதுதான்.

அதன்பிறகு வாராவாரம் அது கேட்கும், நான் ஆம் என்பேன். சம்பவத்தன்று திரையில் வந்தது இது: வீடியோ செயலி பழைய பதிப்புக்கு இறக்கப்படும், தொடரவா, ஆம், இல்லை. நான் படிக்காமலே அழுத்திவிட்டேன் என்று நீ நினைக்கிறாய் பார், அதுதான் எனக்கு வருத்தம். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். படித்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பதுதான் எங்கள் கிடங்கில் முதல் சட்டம். புதுசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பழசை அலமாரியில் தூங்க விட்டால் அது அங்கேயே காலாவதியாகிவிடும், பிறகு அதை அழிக்கிற பாடு நாய்ப்பாடு. எத்தனை மேனேஜர்களிடம் இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது யாரும் சொல்லாமலே இந்தக் கம்ப்யூட்டர் புதுசை ஓரமாக வைத்துவிட்டுப் பழசைத் தீர்க்கப் பார்க்கிறதே, இதை எழுதியவன் எவனோ ஒழுங்கான ஸ்டோர் கீப்பரிடம் வேலை கற்றவன்தான் என்று நினைத்து, மரியாதையோடு 'ஆம்' அழுத்தினேன்.

இந்தச் சட்டம் எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. அத்தையைக் கேட்டால் சொல்வாள். நேற்றைய ரொட்டியில் ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் இன்றைய ரொட்டியைத் தொட விடமாட்டேன். பழசைத் தின்று முடிப்பதற்குள் புதுசும் பழசாகிவிடும். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுல இருந்து நான் ஒரு நாள்கூட புது ரொட்டி தின்னதில்ல" என்பது அவள் பல்லவி. இப்போது ஒற்றை ஆளாகத் தின்பதால் ரொட்டி இன்னும் மெதுவாகத் தீர்கிறது. கடினமாகத்தான் இருக்கிறது. காப்பியில் நனைத்தால் இறங்கிவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அடுப்படி தெரியும்படி கேமராவைத் திருப்பி வைத்தேன். அடுப்பு மேடையைத் துடைத்தேனா என்று அத்தை அங்கிருந்தே தணிக்கை செய்வாள் அல்லவா. அழைப்பு வந்தது. நீங்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தீர்கள், நான் உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் பேசுவது எனக்குக் கேட்டது, நான் கத்துவது உங்களுக்குக் கேட்கவில்லை. பெரியவள், "தாத்தா வீடு ஒரே இருட்டா இருக்கு" என்றாள். நீ ஏதேதோ அழுத்திப் பார்த்துவிட்டு, பால் பொங்குகிறது என்று எழுந்து போனாய். பையன், "அப்பா கடைக்குப் போயிருப்பாரு, அப்புறம் கூப்பிடலாம்" என்று போய்விட்டான். அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தை மட்டும் சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முடி இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவனிடம் சொல்கிறாள்: "மூணு மாசம்னு சொல்லித்தாண்டா வந்தேன். உங்க தாத்தா ஒரு தடவையாவது எப்ப வர்றேன்னு கேட்டாரா பாரு. கேக்கல. நான் இல்லாம நல்லாத்தான் இருக்காரு போல."

போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அவள் எழுந்து போன் பக்கம் போய்விடுவாள். அவள் சின்னவன் முதுகைத் தட்டிக்கொண்டிருப்பதை, அழைப்பு தானாக அறுந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இது கம்ப்யூட்டர் விஷயமான கடிதம்.

மறுநாள் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி போர்த்தி எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லினக்ஸா? யாரு சார் உங்களுக்கு இதைப் போட்டது?" என்றார். மருமகள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமனாருக்கும் மருமகளுக்கும் ஏதாவது மனஸ்தாபமா சார்?" என்றார். நீ தப்பாக நினைக்கக்கூடாது, அவரிடம் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. வேலை எதுவும் நடக்கவில்லை என்றாலும் வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கும் வேறு வாடிக்கையாளர் வரவில்லை. அந்த வாரம் நான் முகத்துக்கு நேரே பேசியது அவர் ஒருவரிடம்தான்.

பிறகு உனக்குப் போன் செய்தேன். நீ சொல்லச் சொல்லத் தட்டினேன், புதுப் பதிப்பு திரும்பி வந்தது. அப்போதுதான் நீ விளக்கினாய்: செயலி இரண்டு களஞ்சியங்களிலும் ஒரே பெயரில் இருக்கிறது, முழு அப்டேட் ஓடும்போது கம்ப்யூட்டர் எது புதுசு என்று பார்ப்பதில்லை, பொதுக் களஞ்சியத்துச் சரக்குக்குத்தான் மரியாதை கொடுக்கிறது, அதனால் புதுசை எடுத்துவிட்டுப் பழசை வைக்கிறது. பழசைத் தீர்க்கும் நல்லெண்ணமெல்லாம் அதற்கு இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதைத் தடுக்க அந்த ஒரு செயலிக்குப் பூட்டுப் போடச் சொன்னாய். போட்டேன். இனி எந்த அப்டேட் வந்தாலும் அதை யாரும் கீழே இறக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக வந்தது. அத்தை என்னைப் பார்த்து, "என்ன, இளைச்சுட்டீங்களா?" என்றாள். இல்லையே என்றேன். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறவள் மாதிரி கேமராவையே பார்த்தாள். நான் பூட்டுப் போட்ட கதையைச் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

ஆகவே குற்றம் என்னுடையது அல்ல, பழக்கத்தினுடையது. பூட்டு உறுதியாக இருக்கிறது, கேமரா தெளிவாக இருக்கிறது, அடுப்பு மேடை துடைத்து இருக்கிறது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டியதில்லை, சின்னவனுக்கு எல்லாப் பல்லும் வரட்டும். பையனை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். பெரியவளுக்கு என் முத்தம், சின்னவனின் புதுப் பல்லுக்கு என் ஆசி. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
விளக்கம் ஏற்கப்படும் என்று நம்பும்
மாமா

பின்குறிப்பு: இதை அனுப்பும் முன் அப்டேட் ஓட்டிப் பார்த்தேன். பூட்டு வேலை செய்தது. 'ஒரு செயலி பூட்டப்பட்டுள்ளது, செய்வதற்கு வேறு எதுவும் இல்லை' என்று போட்டுவிட்டுத் தானாக முடித்துக்கொண்டது. தொடரவா என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். பிறகு பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். கேட்டது. படித்துப் பார்த்துத்தான் 'ஆம்' அழுத்தினேன். கேமரா திரும்பக் கண்ணை மூடிக்கொண்டது. ஆகையால் மேலே எழுதிய விளக்கம் முழுவதும் வாபஸ். போனில் சொல்லிச் சரிசெய்கிற வேலை இந்தத் தடவை வேண்டாம். கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டு. எப்ப வர்றே என்று நான் கேட்டதாகச் சொல். அவள் வருகிற அன்று புது ரொட்டி வாங்கி வைக்கிறேன். பழசு மிச்சம் இருந்தாலும் புதுசையே முதலில் வெட்டலாம்.