அன்ட்ராக் அண்ணையும் ஐந்தாம் நம்பர் சூடும்

யாருமே கேட்காத விண்ணப்பத்தை எழுதி, அதற்குப் பதிலும் வாங்கி, அந்தப் பதிலை எதிர்த்து இன்னொரு விண்ணப்பமும் எழுதிய ஒரே மனிதர் இந்த ஜெர்மனியில் எங்கள் அன்ட்ராக் அண்ணைதான். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். அவருடைய சொந்தப் பெயர் ஹம் நகரத் தமிழர் ஒருவருக்கும் தெரியாது. அழைப்பு மணியில் ஒட்டியிருந்தது அவருக்கு முன்பு குடியிருந்தவரின் பெயர். மாற்றச் சொல்லி அன்ட்ராக் போட்டிருக்கிறாராம்.

மூன்று மாடிக் கட்டடம். கீழே நான், நடுவில் அண்ணை, மேலே ஃபிரவ் வேபர், அதாவது திருமதி வேபர் என்ற ஜெர்மன் மூதாட்டி. நிலவறையில் இருக்கும் ஒரே கொதிகலன்தான் மூன்று வீட்டுக்கும் சூடு அனுப்பும். அவரவர் வீட்டுச் சூடாக்கியை, ஜெர்மனில் ஹைசுங், எந்த நம்பரில் திருகி வைக்கிறோமோ, அதற்கேற்ப வருட முடிவில் பில் வரும். அண்ணை தன்னுடையதைப் பூச்சியத்தை விட்டு அசைத்ததே கிடையாது. வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி, ஜாக்கெட், இரண்டு சோடிக் காலுறை. அதற்கும் மேலே குளிர்ந்தால் எனக்கு ஃபோன் வரும்.

"தம்பி, கால் விறைக்குது. மூண்டிலயோ வைச்சிருக்கிறியள்? நாலில வையுங்கோ."

"உங்கட ஹைசுங்கைப் போடுங்கோவன் அண்ணை!"

"ஏன் வீண் செலவு? உங்கட சூடு சும்மா மேலதானே வருது."

எரிவாயு விலை எகிறிய அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கம் உதவி அறிவித்தது. வீட்டு உரிமையாளரின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பொதுக் கொதிகலன் உள்ள வீடுகளுக்கு உதவி உரிமையாளரிடம் வரும், உங்கள் வருட பில்லில் அதை அவர் கழித்துவிடுவார், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடைசி வரி அண்ணையின் நித்திரையைக் கெடுத்துவிட்டது.

"ஒண்டும் செய்யத் தேவையில்லையாம்! ஆரைப் பேய்க்காட்டுறாங்கள்? முப்பது வருசமா இஞ்ச இருக்கிறன். அன்ட்ராக் இல்லாமல் எனக்கு ஒரு முத்திரை குத்தினவங்களோ?"

அகதியாக வந்த நாளிலிருந்து படிவத்தோடேயே சீவித்த மனுசன், பாவம், வேறெப்படி யோசிப்பார்? மூன்று பக்கத்தில் அன்ட்ராக் எழுதினார். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, தடுப்பூசி அட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணப் படம். 'விண்ணப்பம் தேவையில்லை' என்று பதில் வந்தது. அதை எதிர்த்து எழுதினார். 'எதிர்ப்பதற்கு இதில் ஒன்றுமில்லை' என்று பதில் வந்தது.

"பாத்தியளோ? மறுக்கினம்!" என்றார் வெற்றிக் களிப்புடன்.

அடுத்ததாக ஃபிரவ் வேபருக்கும் சேர்த்து ஒரு அன்ட்ராக் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்க மேலே போனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, மனிசி வீட்டுக்குள்ள ஓவர்கோட்டோட இருக்குது. ஹைசுங்கை நிப்பாட்டிப்போட்டுது. பில்லுக்குப் பயமாம்."

"உதவி வருகுதெண்டு சொன்னீங்களோ?"

"சொன்னன். கழிச்சதைக் கண்ணால கண்டால்தான் நம்புவாவாம். எண்பத்திரண்டு வயசு தம்பி. இருமல் வேற."

நானும் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். தேநீர் தந்து, மரியாதையாக வழியனுப்பி வைத்தார். கோப்பையைப் பிடித்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அதன்பிறகு ஒரு கிழமையாக அண்ணையிடமிருந்து ஃபோனே இல்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் ரொட்டி சுடும் போறணை வாசலில் நிற்பது போலச் சூடு முகத்தில் அடித்தது. வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து ஒழுக நின்றார் அண்ணை. நான்கு ஹைசுங்கும் ஐந்தாம் நம்பரில். மேசையில் மின்விசிறி வேறு சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணை, விசரே உங்களுக்கு?"

"கத்தாதேங்கோ. சூடு மேலதானே போகும். மனிசி இருமுறது குறைஞ்சிட்டுது. நான் காது குடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"பில்?"

"அதுதான் அரசாங்கம் கழிக்குமாம் எல்லே," என்றார். சொன்னாரே தவிர, அதை அவர் கொஞ்சமும் நம்பவில்லை.

நாலு நாள் கழித்துப் படியில் ஃபிரவ் வேபரைக் கண்டேன். ஓவர்கோட்டைக் காணோம். கையில் ஒரு கேக். என் காதருகே குனிந்து ஜெர்மனில் மெல்லச் சொன்னார்:

"கீழ்வீட்டுக்காரருக்கு அரசு உதவி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. என் வீட்டுத் தரையே சுடுகிறது. இத்தனை வருடமும் தொப்பியோடு நடுங்கிக்கொண்டிருந்தாரே, பாவம்! இப்போதுதான் எனக்கு நிம்மதி. இதை அவரிடம் கொடுத்துவிடுங்கள்."

கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சொன்னதையும் சொன்னேன். அண்ணை நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, கேக்கை மேசையில் வைத்தார்.

"உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. மனிசி அப்பிடியே நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

அந்தக் கஞ்சனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை என்பதால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.