செம்புக் கம்பியில் கட்டிய மதிப்பெண்

அக்டோபர் 3, வியாழன். இன்று ஒரு தவறு. தம்பி இரண்டு முறை எழுதிய நுழைவுத் தேர்வின் மொத்தங்களுக்குச் சராசரி எடுத்துவிட்டேன். கல்லூரி அப்படிச் செய்வதில்லையாம். வாசிப்பில் எது அதிகமோ அது, கணக்கில் எது அதிகமோ அது, இரண்டையும் கூட்டிக்கொள்வார்களாம். எல்லோருக்கும், இலவசமாக. போனில் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டிருக்கலாமோ?

மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கும் கொரின் இதை நாட்குறிப்பில் எழுதும்போது, அவள் அம்மா டார்லீன், லூஷியன் ஸ்ட்ரோட் என்பவரின் மகிமையைப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஓஹையோவின் அந்த ஊரில், மூடிப்போன கம்பளக் கடையில் அவதரித்தவர் ஸ்ட்ரோட். இரண்டு மதிப்பெண் தாள்களை உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தால், செம்புக் கம்பி சுற்றி, கண்ணை மூடி 'இணைத்து' விடுவார். பிறகு பார்த்தால் கல்லூரியும் இணைத்தே வைத்திருக்கும். அற்புதம். சூரியன்கூட அவரைக் கேட்டுத்தான் உதிக்கிறதோ என்னவோ.

ஒரே நிபந்தனை: அதன்பின் மறுபடி தேர்வு எழுதினால் கம்பி அறுந்துவிடும். தம்பி வேடுக்கோ சனிக்கிழமை மூன்றாவது தேர்வு. உதவித்தொகைக்கு இன்னும் இருபது மதிப்பெண் வேண்டும்.

"நாளைக்குக் கட்டிட்டு வந்துடலாம். சனிக்கிழமை அவன் எங்கயும் போகல," என்றாள் டார்லீன்.

"எழுதட்டும்மா. கொறஞ்சா பழசையே எடுத்துக்குவாங்க. நஷ்டமே இல்ல."

"பெரிய புரொபசரு. டிவி ரிமோட்டை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சவ நீதானே?"

அது உண்மைதான். "சரி, உறையையாவது நான் ஒட்டறேன்," என்றாள் கொரின்.

வெள்ளிக்கிழமை வரிசை கார் நிறுத்தம்வரை நீண்டது. மடக்கு நாற்காலி, காபி, டோனட். பக்திக்கும் பசிக்கும். வாசலில் ஒரு படிவம். பழைய மதிப்பெண்களையெல்லாம் அதில் எழுதித் தர வேண்டும்.

ஸ்ட்ரோட் உறைக்குக் கம்பி சுற்றிக் கண்ணை மூடினார். "ரெண்டும் கட்டிப்பிடிச்சிருச்சு சகோதரி. ஆயிரத்து இருநூத்தி முப்பது."

கொரின் உறையைக் கிழித்தாள். வேடின் ஒரு மதிப்பெண் தாள் வந்தது. கூடவே ஒரு பீட்சாக் கடைத் தள்ளுபடிச் சீட்டு.

"வாசிப்புல அறுநூத்திப் பத்து என் தம்பியோடது. கணக்குல அறுநூத்தி இருபது வாங்கின தாள் வீட்ல இருக்கே, அது இந்தக் காளான் பீட்சாவோடதா சார்?"

"சந்தேகப்பட்டா சக்தி விலகிடும்."

"வெலகறதுக்கு முன்னாடியே படிவத்தைப் பாத்துச் சொல்லிட்டீங்களே."

வரிசையில் தொப்பிக்காரர் ஒருவர் முறைத்தார். "என் பையனுக்குச் சேந்துச்சேம்மா?"

"எல்லாருக்கும் சேரும். கல்லூரிதான் சேக்குது. போன் போட்டுக் கேளுங்க."

அவர் அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி போன் போட்டார். "ஆமா சார், எல்லா மாணவருக்கும் அப்படித்தான்," என்றது அலுத்துப்போன ஒரு குரல். தொப்பிக்காரர் திரும்பினார். பின்கதவு திறந்து கிடந்தது. கம்பிச் சுருள் மட்டும் மேசையில் இருந்தது.

ஒரு பெண்மணி மட்டும் கலையாமல் நின்றாள். "டிரைவிங் டெஸ்டுக்கும் கட்டுவாரா?"

காரில் ஏறி டார்லீன் சாவியைத் திருகினாள். பிறகு, "இனிமே ரிமோட்டைப் பத்திப் பேசல," என்றாள்.

அக்டோபர் 4, வெள்ளி. கம்பி கட்டியவன் ஓடிவிட்டான். ஒரு போன் செய்யச் சோம்பி, மணிக்கணக்கில் நின்ற நாம் இங்கேதான் இருக்கிறோம். தலை இருப்பது தொப்பி மாட்ட மட்டும் அல்ல. நாளை: வேடின் மடிக்கணினிக்குச் சார்ஜ். ஏழரைக்குத் தேர்வு மையம். அம்மா கார் ஓட்டுகிறாள்.