காய்ச்சல் எபிசோடு

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் மானம் கப்பலேறத் தொடங்கியது. நிமிடம் வரைக்கும் எப்படித் தெரியும் என்றால், நான் அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி இன்னமும் உயிரோடு இருக்கிறது. அழித்துப் பார்த்தேன். "நீங்க அழிச்சா மட்டும் போதாதும்மா, நாங்க எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கோம்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

செய்தி இதுதான்: "தம்பி, ஷாலினிக்குக் கடுமையான காய்ச்சல். உங்கள் பெயரைச் சொல்லிப் பிதற்றுகிறாள்."

இதில் உண்மையான சொல் 'தம்பி' ஒன்றுதான். (அதுவும், என் மருமகனாக வரப்போகிறவன் என்பதால், பாதி உண்மை.) என் ஒரே மகள் ஷாலினி அந்த நேரத்தில் பேட்மிண்டன் மைதானத்தில் யாரையோ ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் அவள் பக்கமே வர பயப்படும்.

பிறகு ஏன் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். கேட்காதவர்களே இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மண்டபம் பேசியாகிவிட்டது. புடவை எடுத்தாகிவிட்டது. நிபோங் திபாலில் மாப்பிள்ளை வீட்டார் சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர்தான்: மாப்பிள்ளை தினேஷும் பெண்ணும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷாலினி வேலை செய்யும் செபராங் ஜெயாவில் வாடகை வீடு பார்ப்பதா, நிபோங் திபாலில் தினேஷின் அம்மா வீட்டிலேயே இருப்பதா என்று பேச்சு வந்திருக்கிறது. அவன் "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறான். இவள் "அப்ப உங்கம்மாவ கேட்டே குடும்பம் நடத்திக்க" என்றிருக்கிறாள். அத்தோடு கைபேசிகள் இரண்டும் ஊமையாகிவிட்டன. ஒரு வாரம் தாண்டியும் மூச்சில்லை. கேட்டால், "ஒன்னும் இல்லம்மா, விடுங்க லா" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நானோ சாதாரணக் காலத்திலேயே கவலைப்படும் பிராணி. மகள் தினமும் பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிறாள் என்பதற்காகக் காலையில் வானிலைச் செய்தி, சாலைச் செய்தி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவேன். அப்படிப்பட்டவள் கல்யாணம் நின்றுபோகுமோ என்று தெரியாமல் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பாள்?

இங்கே என் தகுதியைச் சொல்லியாக வேண்டும். கொரியா, சீனா, ஜப்பான், தைவான் என்று எந்த நாட்டுக் காதல் தொடரானாலும் நான் விட்டுவைத்ததில்லை. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாலை வீட்டுக்கு வந்து, உலை வைத்து, துணி மடித்து, மீதி நேரம் முழுக்க சியோல் நகரத்தில்தான் குடியிருப்பு. அதைப் பைத்தியம் என்பவர்கள் உட்கார்ந்து ஒரு தொடர் முழுதாகப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்தக் கதைகளில் ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க எட்டு எபிசோடு எடுத்துக்கொள்கிறான். அதுவரை என்ன செய்கிறான்? கவனிக்கிறான். அவள் கைப்பை கனக்கிறது என்று கவனிக்கிறான். மதியம் சாப்பிடவில்லை என்று கவனிக்கிறான். செருப்பு கடித்து நொண்டுகிறாள் என்று கவனித்து, மறுநாள் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்திரி வைத்துவிட்டுப் போகிறான். நம் வீடுகளிலும் யாரும் 'உன்னை நேசிக்கிறேன்' என்று வாயால் சொல்வதில்லை, 'சாப்பிட்டியா' என்றுதான் கேட்கிறோம். ஆனால் அவர்கள் அதைக் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார்கள். நம் ஆட்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் ராத்திரி கண் விழிக்கிறேன்.

என் கணவர் தங்கமானவர். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு தரம்கூட என்னிடம் 'குளிருதா?' என்று கேட்டதில்லை. (பினாங்கில் குளிராது என்பது வேறு விஷயம். கேட்டிருக்கலாம்.) நான் தொடர் பார்த்து மூக்கைச் சிந்தும்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்:

"அவன் அவளுக்கு ஒரு போன் போட்டா கதை முடிஞ்சிரும்ல?"

"அது காதல். உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். ஆனா கையில போன் இருக்குல்ல?"

சரி, திட்டத்துக்கு வருகிறேன். எந்த நாட்டுத் தொடராக இருந்தாலும் அதில் ஒரு காய்ச்சல் எபிசோடு கட்டாயம் உண்டு. சண்டை முற்றி, இனி இவர்கள் சேரவே மாட்டார்கள் என்று நாம் தலையணையைக் கிள்ளும்போது கதாநாயகிக்குக் காய்ச்சல் வரும். செய்தி கேட்டு அவன் ஓடி வருவான். நெற்றியில் ஈரத் துணி போடுவான். கஞ்சி வைப்பான். அவள் அரைத் தூக்கத்தில் உண்மையைச் சொல்வாள். விடியும்போது இருவரும் சேர்ந்திருப்பார்கள். இந்த வைத்தியம் பொய்த்து நான் பார்த்ததே இல்லை.

ஷாலினி நான்கு மணிக்கு விளையாட்டு முடிந்து வருவாள். குளித்துவிட்டு அடித்துப்போட்டது போலத் தூங்குவாள். நாலரைக்குத் தினேஷ் வருவான். தூங்கும் பெண்ணையும், ஓடி வந்த பையனையும் பார்த்துக்கொண்டு நான் மெல்லக் கதவைச் சாத்துவேன். பின்னணி இசை மட்டும்தான் பாக்கி.

செய்தியை அனுப்பிவிட்டு, கஞ்சிக்கு அரிசிகூட ஊறவைத்தேன்.

மூன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது. நிபோங் திபாலிலிருந்து பாலம் கடந்து இத்தனை சீக்கிரம் வந்துவிட்டான் என்றால் அது என்ன மாதிரிக் காதல்! நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் சரோஜா அக்கா நின்றுகொண்டிருந்தார். தினேஷின் பெரியம்மா. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருப்பவர். பல வருடம் மருத்துவமனையில் மிஸியாக (நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருந்து ஓய்வுபெற்றவர். கையில் ஒரு கட்டு பப்பாளி இலை.

"தினேஷ் இப்பதான் போன் பண்ணான். காடிய ஓட்டிக்கிட்டு வந்துட்டு இருக்கான், அதுக்குள்ள என்ன போய் பாக்க சொன்னான். பிள்ள எங்க?"

"தூங்குறாக்கா."

"டிங்கி காய்ச்சலாதான் இருக்கும். ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா?"

"இல்லக்கா, லேசான காய்ச்சல்தான்..."

"லேசானதா? பேர சொல்லி பிதற்றுறாளாமே!"

கூடத்தில் செய்தித்தாள் இறங்கியது. "யாரு?" என்றார் என் கணவர்.

"ஷாலினிங்க," என்றேன், கண்ணால் அவரைக் குத்தியபடி. "உள்ள காய்ச்சலா படுத்திருக்கால்ல, நம்ம ஷாலினி."

அவர் பேட்மிண்டன் மட்டை மாட்டும் காலி ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓ," என்றார். "அந்த ஷாலினியா?"

நல்ல வேளையாக சரோஜா அக்கா அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார். "அஞ்சு நிமிஷம். சாறு பிழிஞ்சி எடுத்துக்கிட்டு பிள்ளைய பாக்குறேன்" என்ற குரலோடு மிக்சி அலறியது.

அந்த ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் சமையலறை வாசல் வரை போனேன். ஆனால் நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் 'நான் பொய்க்காரி' என்று எந்த வாயால் சொல்வது? சேராமல் நிற்கும் பிள்ளைகளை நானே ஒரேயடியாகப் பிரித்துவைத்தது போல ஆகிவிடாதா? திரும்பி மகளின் அறைக்குள் ஓடினேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன். கட்டிலில் ஏறி, கரடிப் படம் போட்ட அவள் போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டேன். தொடர்களில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கூடப் பிறந்தவனுக்கே அடையாளம் தெரியாது. நானும் கண்ணாடியைக் கழற்றினேன்.

வெளியே பேச்சுக் கேட்டது.

"கலா எங்க?"

"அவளா... கடைக்குப் போயிருக்கா," என்றார் என் கணவர்.

"பிள்ளைய இந்த நிலமையில போட்டுட்டா?"

"ஐஸ் வாங்க."

"வீட்டுல ஐஸ்பெட்டி இருக்குல்ல?"

"அது வேற ஐஸ், அக்கா."

கதவு திறந்தது. "ஷாலினிம்மா, பெரியம்மா வந்திருக்கேன். எழுந்திரிக்காத, வாய மட்டும் தொற."

போர்வை விளிம்பில் வாயை மட்டும் வெளியே நீட்டினேன். பப்பாளி இலைச் சாறு உள்ளே இறங்கியது. அதன் கசப்பை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. வேறு மொழியும் போதாது. கண்ணில் நீர் வழிய, "ம்ம்ம்" என்று முனகினேன். அந்த ஒரு முனகலில் நடிப்பே இல்லை.

"நல்ல பிள்ள. கால் சில்லுன்னு இருக்கா பாப்போம்." கால்மாட்டில் போர்வை விலகியது. "என்னம்மா இது, குதிகால் இப்படி வெடிச்சு கெடக்கு? சின்னப் பிள்ள கால் மாதிரியா இருக்கு! கல்யாணத்துக்கு முன்னாடி கிரீம் போடு."

பிறகு அந்தக் கை விரல்களுக்கு நகர்ந்தது. இரண்டாவது விரலில் நின்றது. அதைத் தடவியது. இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தது.

என் மெட்டி.

முப்பது வருடமாகக் கழற்றாததால் அது காலில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. சரோஜா அக்கா கையை எடுத்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தாழ்ந்த குரலில் நிபோங் திபாலுக்கு, தினேஷின் அம்மாவுக்கு, பேசுவது கேட்டது:

"தங்கச்சி, மொதல்ல உக்காந்துக்க. பொண்ணு கால்ல மெட்டி இருக்கு... ஆமா, மெட்டி! என் கையால தொட்டுப் பாத்தேன். எவனோ ஏற்கெனவே கட்டிட்டான்டி!"

நான் எழுந்த வேகத்தில் போர்வையும் கூடவே வந்தது.

"அக்கா! அது நான்! அது என் காலு!"

சரோஜா அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நீ கடைக்கில்ல போயிருக்க!"

கைபேசியிலிருந்து தினேஷின் அம்மா குரல் வந்தது: "யாரு காலு? யக்கா, யாரு காலு?"

அப்போது என் கணவர் செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்தார். எழுந்து வந்து, கைபேசியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"என் பொண்டாட்டி காலுங்க. மெட்டி நான் போட்டது."

எங்கள் தாம்பத்தியத்தில் அவர் பேசிய மிகப்பெரிய காதல் வசனம் அதுதான். நின்று ரசிக்கும் நிலைமையில் நான் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை, செய்தி, காய்ச்சல் எபிசோடு, ஈரத் துணி, கஞ்சி. சொல்லச் சொல்ல எனக்கே அது எந்த நாட்டிலும் எடுபடாத கதையாகத் தெரிந்தது. சரோஜா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மீதிச் சாற்றைப் பார்த்தபடி இருந்தார். நிபோங் திபாலிலிருந்து, "சரி, எல்லாத்தையும் கேட்டுட்டேன்" என்று ஒரு குரல் வந்தது. இணைப்பு அறுந்தது.

வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகள் சண்டை போட்டது வாடகை வீட்டுக்காக. அதைப் பேசித் தீர்த்திருப்பாள். நான் செய்ததை எப்படித் தீர்ப்பாள்? எந்தக் குடும்பம் இப்படி ஒரு அம்மா இருக்கும் வீட்டில் பெண் எடுக்கும்? சிரிக்கச் சிரிக்க இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் படியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தம்ளர் சீனித் தண்ணீரை நீட்டினார். "கசப்பு போகும், குடி," என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

ஐந்து மணிவாக்கில் தினேஷின் காடி வந்து நின்றது. இரண்டு பக்கக் கதவும் திறந்தன. ஒரு பக்கம் தினேஷ், கையில் ஆவி பறக்கும் கஞ்சிப் பொட்டலத்தோடு. மறுபக்கம், பேட்மிண்டன் உடையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் என் மகள்.

நடந்தது இதுதான். என் செய்தியைப் படித்ததும் தினேஷ் எந்தத் தொடரிலும் எந்தக் கதாநாயகனும் செய்யாத காரியத்தைச் செய்திருக்கிறான். ஷாலினிக்கு போன் போட்டிருக்கிறான். அவள் ஆட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. பயந்துபோய்ப் பெரியம்மாவை அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பிவிட்டான். பாலத்தில் நெரிசலில் நின்றபோது அவள் திருப்பி அழைத்திருக்கிறாள். "எனக்குக் காய்ச்சலா? யாரு சொன்னா?" என்று ஆரம்பித்து, சிரித்து, அழுது, நெரிசல் தீர்வதற்குள் செபராங் ஜெயா வீடும் முடிவாகிவிட்டது. "அம்மா ஆசப்பட்டுட்டாங்க, கஞ்சியோடவே போவோம்" என்று ஆயர் ஈத்தாம் பாசாரில் கஞ்சி வாங்கிக்கொண்டு இவள் காத்திருந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். அவன் அம்மா வழியிலேயே அழைத்து மெட்டிக் கதையையும் சொல்லிவிட்டாராம். எங்களிடம் பேசியபோது சிரிப்பு தாங்காமல்தான் கைபேசியை வைத்துவிட்டாராம்.

ஆக, என் வைத்தியம் பலித்தது. மருந்து வேறு வழியாக வேலை செய்தது, அவ்வளவுதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். நிச்சயமும் கல்யாணமும் குறித்த நாளிலேயே நடந்தன. இன்றும் நிபோங் திபாலிலிருந்து சம்பந்தி அழைத்தால் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை, "மெட்டி சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார். வீட்டில் யாராவது தும்மினால் என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் போயி அந்த வேற ஐஸ் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்புகிறார்.

ஆனால் இந்தக் கேலியையெல்லாம் தொடங்கிவைத்தவன் தினேஷ்தான். அன்றைக்கு வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றான். என் தோளில் கரடிப் போர்வை. உதட்டைச் சுற்றிப் பச்சைச் சாறு. அவன் கஞ்சிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, மிகுந்த மரியாதையோடு, என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்:

"ஆன்டி, என் பேர சொல்லி பிதற்றுனது நீங்கதானா?"